ஆகாயத்தில் ஒரு கட்டைவிரல் வரிசை

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் "நேர்ல சொல்றேன்" என்று மழுப்பினேன். கேட்டவள் இன்று நேரில் வருகிறாள்.

அவள் என் மகள் லெங்லெங். அபுதாபியில் செவிலியாக இருக்கிறாள். எட்டு மாதக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தனியாக விமானம் ஏறியிருக்கிறாள்; கணவனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. மணிலாவில் இறங்கி, வேறு விமானம் மாறி, மதியம் இரண்டு நாற்பதுக்கு இங்கே புவேர்ட்டோ பிரின்செசாவுக்கு வந்து சேர்வாள். பேரன் கியானை நான் இன்னும் நேரில் பார்த்ததில்லை. அவன் என்னைத் தொலைபேசித் திரையில் பார்த்திருக்கிறான். நான் பிடிக்கிற லட்சணத்தில் அதில் என் நெற்றி மட்டும்தான் தெரிகிறது என்கிறாள் லெங்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் கேட்டது இது:

"அப்பா, நான் எட்டு மாசக் கொழந்தையா இருக்கறப்ப மணிலா ஏர்போர்ட்ல உங்களை மொத மொதல்ல பார்த்தேன்ல? அன்னைக்கு அம்மா உங்களைக் கட்டைவிரலை எச்சில் பண்ணச் சொன்னாங்களா, வேணாம்னுட்டாங்களா?"

சின்னக் கேள்வி இல்லை. எங்கள் பக்கத்தில் புது ஆள் ஒருவர் கைக்குழந்தையைப் பார்த்து என்ன அழகு, என்ன குண்டு என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால் குழந்தைக்கு ஊசோக் பிடித்துவிடும். காரணமில்லாமல் வீறிடும், வயிறு உப்பும், பால் குடிக்காது. சொன்னவர் மனதில் பொறாமை இருக்கவேண்டும் என்பதில்லை; நல்ல மனிதர்களால்தான் அதிகம் பிடிக்கும். சொல்லும்போதே "புவேரா ஊசோக்" என்று இரண்டு வார்த்தை சேர்த்துச் சொன்னால் பாதுகாப்பு. மறந்துவிட்டால், சொன்ன அதே ஆள் தன் கட்டைவிரலை வாயில் வைத்து ஈரமாக்கிக் குழந்தையின் வயிற்றில் தடவவேண்டும். வேறு யார் தடவினாலும் பலிக்காது. வீட்டு மனிதர்களால் ஊசோக் வராது. அந்நியர்களால்தான் வரும்.

ஆக, லெங் கேட்டதைத் திருப்பிப் போட்டால் இப்படி: அன்று நான் அவளுக்கு அப்பாவா, அந்நியனா?

விமான நிலையத்துக்கு வெளியே, பயணிகள் வெளிவரும் வாசலுக்கு எதிரே ஆலிங் தோராய் நடத்தும் காப்பிக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். மணி பன்னிரண்டு. நாற்பது பக்க நோட்டு, ஒரு பேனா. விமானம் இறங்குவதற்குள் எழுதி முடித்தால் பதில் கிடைத்துவிடும் என்று நம்புகிறேன். எழுதிப் பார்த்தால் தெரியும் என்று சொல்கிற எழுத்தாளர்களை நான் கப்பலில் இருந்த காலத்தில் நிறைய வாசித்திருக்கிறேன். அவர்கள் பேச்சைச் சோதித்துப் பார்க்க இதுதான் சமயம்.

2.

தொடக்கம், முதல் முயற்சி:

விமானம் வெண்மேகங்களைக் கிழித்துக்கொண்டு மேலே

[நிறுத்திவிட்டேன். எந்த விமானமும் எதையும் கிழித்ததில்லை. தவிர, நான் அந்த விமானத்தில் இல்லை. இருந்தவள் என் மனைவி சயோங்.]

இரண்டாம் முயற்சி:

அப்போது நான் மணிலா துறைமுகத்தில், கோதுமை இறக்கிக்கொண்டிருந்த கப்பலிலிருந்து இறங்கி, சட்டைக் காலரைச் சரிசெய்தபடி

[உண்மை. ஆனால் வாசகருக்கு என் காலர் எதற்கு?]

மூன்றாம் முயற்சி, சயோங் தொடங்குகிற மாதிரியே. ஞானஸ்நான விருந்து, பிறந்தநாள், பக்கத்து வீட்டுப் பன்றி குட்டி போட்டது, எதற்குக் கூடினாலும் இந்தக் கதையை அவள் சொல்லுவாள். முப்பத்துமூன்று வருடமும் ஒரே தொடக்கம்:

"அன்னைக்கு மட்டும் அந்த மஞ்சப் பனியனுங்க ஏறாம இருந்திருந்தா, நான் பாட்டுக்கு நிம்மதியா வாந்தி எடுத்துட்டுப் போய்ச் சேர்ந்திருப்பேன்."

இதுதான். இதைவிட நல்ல தொடக்கம் எனக்கு வராது. சென்ற பிப்ரவரியில் சயோங் போய்விட்டாள். சிறுநீரகம். அதைப் பற்றி இந்தக் கதையில் இவ்வளவுதான்.

3.

மஞ்சள் பனியன்கள் ஏறுவதற்கு முன் சில விவரங்கள் வேண்டும்.

நான் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை ஆள். இயந்திரங்களுக்கு எண்ணெய் போடுவது வேலை. சயோங் மூன்று மாதம் சுமந்துகொண்டிருந்தபோது கப்பலேறினேன். லெங் பிறந்த செய்தி கடிதமாக வந்து சேர்ந்தபோது அவளுக்கு ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. அவளுக்கு எட்டு மாதம் ஆனபோது எங்கள் கப்பலை எதிர்பாராமல் மணிலாவுக்குத் திருப்பினார்கள். எனக்குக் கரையில் ஒன்பது மணி நேரம். அதன் பிறகு மறுபடி வளைகுடா. அடுத்து நான் ஊருக்கு வருவதற்குள் லெங் நடந்து, ஓடி, விழுந்து, பல்லை உடைத்துக்கொண்டிருப்பாள்.

தந்தி கொடுத்தேன். "வியாழன் மணிலா. ஒன்பது மணி நேரம். முடிந்தால் வா. டெல்ஃபின்." தந்தி கிடைத்தபோது மணிலா போகும் படகு போய்விட்டிருந்தது. விமானம் ஒன்றுதான் வழி. சயோங் அதுவரை தென்னை மரத்தைவிட உயரமான எதிலும் ஏறியதில்லை.

அவளுக்கு விமானத்தைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அந்த மாதம் லெங்குக்கு ஆண்களின் முகம் ஆகாமல் போயிருந்தது. பாதிரியாரைப் பார்த்து அலறினாள். என் மைத்துனனைப் பார்த்து அலறினாள். ஒன்பது மணி நேரமும் என்னைப் பார்த்து அலறினால் என்ன செய்வது? எனவே சயோங் ஒரு திட்டம் போட்டாள். தினமும் காலையில் என் புகைப்படத்தைக் காட்டி "அப்பா, அப்பா" என்று பழக்கினாள். குழந்தை படத்தை ஆசையாக வாங்கிப் பார்க்கும், பிறகு தின்னும். வியாழக்கிழமை வருவதற்குள் என் மோவாயும் வாயும் போய்விட்டன. நெற்றியும் கண்ணும் மிச்சம்.

(இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது: கியானும் என் நெற்றியை மட்டும்தான் பார்த்திருக்கிறான். இதை நான் திட்டமிடவில்லை. கதை தானாகச் செய்துகொள்கிறது.)

4.

இரண்டு காற்றாடி வைத்த சின்ன விமானம். சயோங்குக்கு ஐந்தாம் வரிசை. மடியில் லெங். காலடியில் எனக்காக மூன்று கிலோ முந்திரிப் பருப்பு. அப்போதுதான் அவர்கள் ஏறினார்கள்: பன்னிரண்டு ஊர்த்தலைவர்கள். மணிலாவில் குப்பை மேலாண்மைப் பயிற்சிக்குப் போகிறவர்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் பனியன், நெஞ்சில் "என் குப்பை என் பொறுப்பு".

ஊர்த்தலைவர் என்றால் தேர்தலில் நின்று ஜெயித்தவர். தேர்தலில் நின்றவருக்குக் கைக்குழந்தையைக் கண்டால் கை சும்மா இருக்காது, வாயும் சும்மா இருக்காது. அது தொழில் பழக்கம். ஐந்தாம் வரிசையைத் தாண்டிப் போன ஒவ்வொருவரும் நின்று ஒரு வார்த்தை சொன்னார்கள். ஒருவர் கன்னத்தைப் பாராட்டினார், ஒருவர் தொடையை. ஒருவர் இது பெரியவளானால் எங்கள் ஊர் அழகிப் போட்டிக்கு அனுப்புங்கள் என்றார். இன்னொருவர் அந்த ஊரில் குழந்தைக்கு ஓட்டு இருக்கிறதா என்று விசாரித்தார். பன்னிரண்டு பேரில் ஒருவர்கூட "புவேரா ஊசோக்" சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்த வார்த்தைதான். முன்னால் போனவர் சொல்லியிருப்பார் என்று பின்னால் வந்தவர் நினைத்திருக்கிறார். ஊர்த்தலைவர்கள் கூடினால் அப்படித்தான்.

விமானம் மேலே ஏறி, கடல் தட்டையாகத் தெரிந்தபோது லெங் வாயைத் திறந்தாள்.

சயோங் இந்த இடத்தில் எப்போதும் நிறுத்தி, கேட்கிறவர்களின் முகத்தை ஒருமுறை சுற்றிப் பார்ப்பாள். நானும் நிறுத்துகிறேன்.

அது பசி அழுகை இல்லை, தூக்க அழுகையும் இல்லை. பால் கொடுத்தாள், துப்பியது. தட்டினாள், விறைத்தது. வயிறு உடுக்கை மாதிரி இறுகிவிட்டது.* காற்றாடிச் சத்தம் அடங்கிப்போய் அழுகை மட்டும் கேட்டதாம்.

* லெங் இதைப் படித்தால் ஓரத்தில் எழுதப்போவது எனக்குத் தெரியும்: "காது வலி அப்பா. காத்தழுத்தம். சப்பக் குடுத்திருந்தா சரியாப் போயிருக்கும்." மருத்துவம் அதைத்தான் சொல்கிறது. ஆனால் குப்பை மேலாண்மைக்குப் போகிறவர்களிடம் காற்றழுத்தம் பற்றி யார் சொல்வது?

எட்டாம் வரிசையிலிருந்து கபிட்டானா பெலென் எழுந்தாள்; பெண் ஊர்த்தலைவரை எங்கள் ஊரில் கபிட்டானா என்போம். பன்னிரண்டு பேருக்கும் மூத்தவள், அகலமானவள், ஒலிபெருக்கி இல்லாமலே கூட்டம் நடத்துகிறவள். நேராக வந்து குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"இது ஊசோக். யாரு வாய வச்சது? மரியாதையா ஒத்துக்கங்க."

பின்னாலிருந்து தெபான் என்ற தலைவர் மெதுவாகச் சொன்னார்: "நீங்கதான் கபிட்டானா மொத ஆளு. 'பன்னு மாதிரி இருக்கு'ன்னீங்க."

"நான் சொன்னேன். நீ என்ன சும்மாவா வந்த?"

"நான் தொடைய மட்டும்தான் சொன்னேன்."

"தொட வயித்துக்குப் பக்கத்துலதான இருக்கு. எந்திரி."

அப்படித்தான் அந்த வரிசை தொடங்கியது. வெள்ள நிவாரண அரிசி கொடுக்கும்போது நிற்கவைப்பதுபோல் பெலென் எல்லோரையும் நடைபாதையில் நிற்கவைத்தாள். ஆளுக்கு ஒரு முறை, இடிக்கக்கூடாது, முடித்தவர் பின்பக்கமாகத் திரும்பவேண்டும். முதலில் தானே கட்டைவிரலை வாயில் வைத்து, லெங்கின் சட்டையைத் தூக்கி, வயிற்றில் சிலுவை போட்டாள். அழுகை நிற்கவில்லை. அடுத்தவர். நிற்கவில்லை. தெபான் ஏறும்போதே காய்ந்த கணவாய் மென்றுகொண்டு வந்தவர். அவர் விரல் பட்டதும் அழுகை ஒரு படி கூடியது. "கை கழுவினியா?" என்று பெலென் கேட்க, "கழுவினா எச்சில் போயிடுமே கபிட்டானா" என்றார்.

பணிப்பெண் ஓடிவந்தாள். சின்னப் பெண். பெல்ட் விளக்கு எரிகிறது, எல்லோரும் உட்காருங்கள், விமானம் ஆடப்போகிறது என்று கெஞ்சினாள். பெலென் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ ஏறும்போது இந்தப் புள்ளையப் பார்த்து என்னம்மா சொன்ன?"

பணிப்பெண் யோசித்தாள். முகம் மாறியது. வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

5.

இந்த இடத்தில் சயோங் தன் தங்கைகளிடம் சொல்லும்போது விமானியும் வந்துவிடுவார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பார். ஒருமுறை துணை விமானியும் வந்தார். அன்று கொஞ்சம் பனங்கள் உள்ளே போயிருந்தது. நான் அவர்களை அனுமதிக்கவில்லை. திருப்பி அனுப்பி, அறைக்கதவைச் சாத்திவிட்டேன். யாராவது விமானத்தை ஓட்டவேண்டும்.

எனக்குச் சந்தேகம் வேறொரு ஆள்மேல். கடைசி வரிசை, சன்னலோரம்.

பன்னிரண்டு தலைவர்களும் பணிப்பெண்ணும் முடித்தாயிற்று. லெங்கின் வயிறு முழுக்க ஈரம். அழுகை நிற்கவில்லை. கபிட்டானா பெலென் விமானத்தை ஒருமுறை கண்ணாலே எண்ணிப் பார்த்து, செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஒரு மனிதரைக் கண்டுபிடித்தாள். அவர் யாரிடமும் பேசவில்லை, குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"தம்பி, நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லல. என்ன நெனச்ச?"

"ஒண்ணும் நெனைக்கல."

"பொய் சொல்லாத. இவ்வளவு கத்துற புள்ளையப் பார்த்து ஒண்ணும் நெனைக்காம இருக்க நீ என்ன மூட்டையா?"

அவர் செய்தித்தாளை மடித்தாராம். நான்காக, எட்டாக, பதினாறாக. பிறகு சொன்னாராம்:

"எங்க வீட்லயும் இதே அளவுல ஒண்ணு இருக்கும்னு நெனச்சேன். நான் இன்னும் பார்க்கல."

அவர் வந்து, கட்டைவிரலை உதட்டில் ஒற்றி, லெங்கின் வயிற்றில் வைத்தார். லெங் அவரைப் பார்த்தாள். விக்கினாள். அடங்கினாள். மணிலா வரும்வரை தூங்கினாள்.

இந்த ஆளைத்தான் நான் நம்பவில்லை. முதல் சில வருடங்கள் கதையில் அவர் கிடையாது; அப்போதெல்லாம் பணிப்பெண்ணின் விரலில் அழுகை நின்றுவிடும். நான் கடைசியாகக் கப்பலை விட்டு வந்து, உள்ளூரில் படகு எஞ்சின் பழுதுபார்க்கத் தொடங்கிய வருடத்தில்தான் அவர் முதன்முதலாக விமானத்தில் ஏறினார். முதலில் குள்ளமாக இருந்தார். அடுத்த பிறந்தநாளுக்கு வளர்ந்துவிட்டார். பிறகு காது கொஞ்சம் விடைத்துக்கொண்டது. நான் ஒருமுறை கேட்டேன், அப்படி ஒரு ஆள் நிஜமாக இருந்தாரா என்று. "இல்லாமயா சொல்றேன், நீ என்ன பார்த்தியா?" என்றாள்.

போன ஜனவரியில், ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்துகொண்டு வார்டுச் செவிலிகளுக்குக் கதை சொன்னாள். அன்று அந்த மனிதர் கைக்கடிகாரம் கட்டியிருந்தார். முகப்பை உள்பக்கமாகத் திருப்பி, மணிக்கட்டின் நரம்புமேல் படும்படி.

எஞ்சின் அறையில் வேலை செய்கிறவர்கள் அப்படித்தான் கட்டுவோம். வெளிப்பக்கம் கட்டினால் குழாயில் இடித்துக் கண்ணாடி போய்விடும்.

நான் படுக்கையின் கால்மாட்டில் நின்று என் மணிக்கட்டைப் பார்த்தேன். சயோங் என்னைப் பார்க்கவில்லை. கதையை நிறுத்தாமல், கையை மட்டும் ஆட்டி, எனக்குக் கஞ்சி வாங்கிவரச் சொன்னாள்.

இரண்டாம் பகுதியில் "நான் அந்த விமானத்தில் இல்லை" என்று எழுதியிருக்கிறேன். அதை அடிக்கவேண்டுமா என்று யோசிக்கிறேன்.

[அடிக்கவில்லை. ஆனால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.]

6.

மணி ஒன்றே முக்கால். ஆலிங் தோராய் மூன்றாவது காப்பியை வைத்துவிட்டு, என்ன எழுதுகிறீர்கள், மனுவா என்று கேட்டாள். கதை என்றேன். யார் வருகிறார்கள் என்றாள். பேரன் என்றதும் படத்தைக் காட்டச் சொன்னாள். காட்டினேன்.

"ஐயோ, என்னா குண்டு. புவேரா ஊசோக், புவேரா ஊசோக்."

"படத்துக்குக்கூடவா?"

"மாமா, எதுக்கு வம்பு? பார்த்தாச்சுன்னா பார்த்தாச்சு. படமா இருந்தா என்ன, நேரா இருந்தா என்ன."

சரி. முடிவுக்கு வருவோம். முடிவு எனக்குத் தெரியும் என்று நீங்கள் நினைக்கலாம். விமானத்தில் இல்லாவிட்டாலும் விமான நிலையத்தில் இருந்தேனே. இருந்தேன்.

தடுப்புக் கம்பிக்கு வெளியே, யோகோகாமாவில் வாங்கிய பொம்மையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது லெங்கைவிடப் பெரியது. எட்டு மாதக் குழந்தை எவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. முதலில் மஞ்சள் பனியன்கள் வெளியே வந்தன. ஒருவர் கையில் பால் புட்டி, ஒருவர் தோளில் துணிப்பை, தெபான் கையில் என் முந்திரிப் பருப்பு, கொஞ்சம் குறைந்திருந்தது. நடுவில் ராணி மாதிரி சயோங். அவள் இடுப்பில் அது.

நான் சொன்னேன். எல்லோரும் சொல்வதையே சொன்னேன்.

"அடேயப்பா. எவ்வளவு குண்டு."

இரண்டு வார்த்தை விட்டுப்போயிற்று.

லெங்கின் கீழுதடு முதலில் பிதுங்கியது. பிறகு மோவாய் நடுங்கியது. பிறகு வாய் திறந்தது. பன்னிரண்டு ஊர்த்தலைவர்களும் ஒரே குரலில், "வெரல், வெரல்" என்றார்கள். அவர்களுக்கு அதில் அனுபவம் வந்துவிட்டிருந்தது. என் கட்டைவிரல் தானாக உதடு வரைக்கும் வந்தது. நான் சயோங்கைப் பார்த்தேன்.

இனி இரண்டு முடிவுகள்.

முதல் முடிவு. என் கப்பல் நண்பர்கள் வீட்டுக்கு வந்தால் சயோங் சொல்வது: அவள் என் கையைத் தட்டிவிட்டாள். "எதுக்கு? வெரல் வைக்க இவரென்ன ரோட்ல போறவரா? புள்ளைக்கு அப்பன்." அதன்பிறகு லெங் நாற்பது நிமிடம் அழுதாள். சாப்பாட்டுக்கடைவரை அழுதாள். பெலென் எவ்வளவோ சொல்லியும் சயோங் மசியவில்லை. அழட்டும், அப்பனைப் பார்த்து அழுகிற பிள்ளை அப்பனிடமே ஓயட்டும் என்று என் தோளில் போட்டுவிட்டாள். நாற்பத்தோராவது நிமிடத்தில் ஓய்ந்தது. இந்த முடிவைக் கேட்டால் கடலோடிகள் மூக்கைச் சிந்துவார்கள்.

இரண்டாம் முடிவு. அவள் தங்கைகளுக்குச் சொல்வது: "பார்த்துட்டு நிக்கறார் மரம் மாதிரி. 'எச்சில் பண்ணுய்யா, பெருமைய அப்புறம் பார்த்துக்கலாம். ஒம்போது மணி நேரம்தான் இருக்கு'ன்னேன்." நான் தடவினேன், அழுகை நின்றது, எட்டே முக்கால் மணி நேரம் மிச்சமானது. தங்கைகள் கைதட்டுவார்கள். அவர்கள் கணவன்மாரும் கடலில்தான்.

இரண்டு முடிவிலும் நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறேன். இரண்டும் நடந்ததுபோலவே இருக்கும். முப்பத்துமூன்று வருடம் அவள் சொல்லக் கேட்டுக் கேட்டு, என் சொந்த நினைவு தேய்ந்துபோயிற்று. மிச்சமிருப்பது இவ்வளவுதான்: விரல் உதட்டுக்கு முன்னால். சயோங் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். அவள் வாய் அசைகிறது. அந்த நேரம் பார்த்து ஒரு ஜீப்னி வண்டி ஒலியெழுப்புகிறது. பிறகு ஒரு சின்னக் கை என் காதைப் பிடித்துத் திருகுகிறது, நல்ல பலம், எனக்குக் கண்ணில் தண்ணீர் வருகிறது. என் விரல் ஈரமா, காய்ந்திருந்ததா? தெரியவில்லை.

(ஆஸ்பத்திரியில் அவள் என்ன முடிவு சொன்னாள் என்பதும் தெரியாது. நான் கஞ்சியோடு திரும்பி வந்தபோது கதை முடிந்துவிட்டிருந்தது. செவிலிகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்காமல் என் கட்டைவிரலைப் பார்த்தாள். அவளைத் தேடிப் போய்க் கேட்கலாம் என்று மார்ச்சில் போனேன். சவுதிக்கு வேலைக்குப் போய்விட்டாள் என்றார்கள்.)

7.

மணி இரண்டு ஐம்பத்தைந்து. விமானம் இருபது நிமிடம் தாமதம் என்று பலகையில் போட்டிருக்கிறார்கள். என் கதையைப் பார்த்துத்தான் தாமதிக்கிறது போலிருக்கிறது.

ஏறுவதற்கு முன் லெங் மணிலாவிலிருந்து குரல்செய்தி ஒன்று அனுப்பியிருந்தாள். காதில் வைத்து மூன்று முறை கேட்டுவிட்டேன். எழுதிவைக்கிறேன்:

"அப்பா, அபுதாபியிலேர்ந்து ஒன்பது மணி நேரம், அதுல ஆறு மணி நேரம் கத்தினான். புட்டி குடுத்தேன், சப்பக் குடுத்தேன், காதைத் தேச்சேன், படிச்சது பூராவும் பண்ணிட்டேன். முன் சீட்ல ஒரு அம்மா, ஏறினப்பவே 'என்னா கன்னம்'னாங்க. கடைசில நானே போய் அவங்களை எழுப்பி... சரி, விடுங்க. நின்னுடுச்சு. இதை நீங்க யார்கிட்டயும் சொல்லக்கூடாது, நான் ஒரு செவிலி. அப்புறம் அப்பா, வாசல்ல நிக்கறப்ப நீங்க என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியல. அதுக்குத்தான் கேட்டேன். அம்மா என்ன சொன்னாங்களோ அதே மாதிரி செஞ்சிடலாம்னு."

அம்மா என்ன சொன்னாளோ அதே மாதிரி.

விரலைக் கழுவிவிட்டேன், எதற்கும் இருக்கட்டும் என்று. ஆலிங் தோராய் சோப்புக் கொடுத்தாள். "கதை முடிஞ்சுதா மாமா?" என்றாள். இன்னும் ஒரு பத்தி என்றேன்.

மூன்றாவது முடிவு ஒன்று எழுதிப் பார்க்கிறேன்:

சயோங் சிரித்துக்கொண்டே சொன்னாள், டெல்ஃபின், அது உன்

[இல்லை. அவள் வாயில் நான் வார்த்தை வைக்கமாட்டேன். அவள் என்னை விமானத்தில் ஏற்றினாள் என்பது வேறு. அவளுக்கு அந்தத் திறமை இருந்தது.]

சத்தம் கேட்கிறது. கூரைமேல் நிழல் ஓடிற்று. காற்றாடி இல்லாத, பெரிய விமானம். கடைக்காரர்கள், வண்டிக்காரர்கள், பெயரெழுதிய அட்டை பிடித்தவர்கள் எல்லோரும் வாசலுக்கு நகர்கிறார்கள். நானும் எழுந்துவிட்டேன், மீதியை நின்றுகொண்டே எழுதுகிறேன், கையெழுத்து இப்படி இருப்பதற்கு அதுதான் காரணம்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் லெங் தெரிகிறாள். தலை கலைந்திருக்கிறது. நெஞ்சோடு கட்டிய தூளியில் ஒரு மொட்டைத் தலை. இப்போது திரும்புகிறது.

அடேயப்பா. எவ்வளவு குண்டு.

நான் சொல்லவில்லை. எழுதினேன். எழுதினால் ஊசோக் பிடிக்குமா என்று கேட்க நேரமில்லை. புவேரா ஊசோக், புவேரா ஊசோக். இதோ, மை காய்வதற்குள் சேர்த்துவிட்டேன். ஆனால் நீங்களும் இப்போது அவனைப் பார்த்துவிட்டீர்கள். பார்த்தாச்சுன்னா பார்த்தாச்சு என்று ஆலிங் தோராய் சொன்னது உங்களுக்கும் சேர்த்துத்தான். உங்கள் விஷயத்தில் எனக்குக் குழப்பமே இல்லை: நீங்கள் அந்நியர். எனவே தயவுசெய்து, சங்கடப்படாமல், கட்டைவிரலை உதட்டில் ஒருமுறை ஒற்றி இந்தப் பக்கத்தின்மேல் வையுங்கள். வரிசையில் பன்னிரண்டு ஊர்த்தலைவர்களுக்குப் பின்னால் உங்களுக்கும் இடமிருக்கிறது.

என் விஷயம்தான் பாக்கி. கதவு திறக்கிறது. அவன் என் நெற்றியைப் பார்க்கிறான். கீழுதடு பிதுங்குகிறதா, சிரிக்கப்போகிறானா, இங்கிருந்து தெரியவில்லை. பேனாவைப் பிடித்திருப்பது அதே விரல். அதை இப்போது விடுவிக்கவேண்டும்